வலிக்காத வாய்ப்புண்ணை அலட்சியமாக விடாதீர்கள்

வாய்க்குள் புண் என்று யாராவது சொன்னால் நாம் கேட்கிற முதல் கேள்வி "வலிக்குதா?" என்பதுதான். ஆமாம் என்றால் மருந்து தேடுகிறோம், இல்லை என்றால் தானாக ஆறிவிடும் என்று விட்டுவிடுகிறோம். என் அண்ணனுக்கு உள்கன்னத்தில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், பேசுகிறார், கோபப்படவும் செய்கிறார். ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்தவன் என்ற முறையில் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: வாய்ப்புண்ணை வலியை வைத்து எடைபோடாதீர்கள், எத்தனை நாளாக இருக்கிறது என்பதை வைத்து எடைபோடுங்கள். சாதாரணப் புண் சுரீர் என்று வலிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். புற்றாக மாறுகிற புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அது வலிக்க ஆரம்பிக்கும்போது பல நேரம் ஆழமாக இறங்கியிருக்கும். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடமோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடமோ காட்டிவிட வேண்டும்.

அண்ணன் பல வருஷமாகப் பாக்கும் புகையிலையும் போட்டுக்கொண்டிருந்தவர். இடது கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்துக்கொள்வார், வேலை நேரம் முழுக்க அது அங்கேயே கிடக்கும். நோயைக் கண்டுபிடித்த மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கேட்ட கேள்வி, "எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?" அண்ணன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். புண் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது.

ஆனால் முதலில் வந்தது புண் கிடையாது. அதற்கு ரொம்ப நாள் முன்பே கொஞ்சம் காரம் பட்டாலும் வாய் எரிகிறது என்று காரச் சாப்பாட்டைத் தவிர்க்க ஆரம்பித்தார். பிறகு கொட்டாவி விடும்போது தாடை பிடித்துக்கொள்கிறது என்றார். இந்த இரண்டும் சேர்ந்து வருவதைப் பாக்கு போடுகிறவர்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாக்கில் அரிகோலின் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அது கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் கொலாஜன் என்கிற நார்ப்பொருளை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது, உடைந்து கரைய வேண்டிய பழைய நாரையும் கரையவிடாது. மெல்ல மெல்லக் கன்னம் வெளுத்து, விறைத்துப்போகும். உள்ளே விரல் விட்டுத் தடவினால் கயிறு போலத் தட்டுப்படும். சளிச்சவ்வடி நாரிழைமை என்று மருத்துவத்தில் பெயர். இதுவே புற்று கிடையாது, ஆனால் இது வந்த வாயில் புற்று வருகிற ஆபத்து அதிகம். வீட்டிலேயே பார்க்க எளிய வழி, உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து நெடுக்காக மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது. இரண்டுதான் நுழைகிறது என்றால் காட்டியாக வேண்டும். இந்தக் கட்டத்தில் பாக்கை நிறுத்தினால் ஏற்கெனவே விறைத்த கன்னம் முழுசாகப் பழையபடி ஆகாது, ஆனால் மேலே மோசமாவதைத் தடுக்க முடியும், வாய்ப் பயிற்சியும் ஊசியும் ஓரளவு உதவும்.

"நான் புகையிலை சேர்க்கிறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சமாதானம் சொல்கிற பலரைப் பார்த்துவிட்டேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கைப் பற்றி 1985-லேயே எச்சரித்தது. 2004-இல் புகையிலை இல்லாத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது. வாசனை சேர்த்தாலும் இனிப்பு சேர்த்தாலும் பாக்கு பாக்குதான். சிறு பிள்ளைகள் கையில் அதைத் தின்பண்டம் மாதிரி கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போது நெஞ்சு பதறுகிறது.

அண்ணன் கதைக்கு வருகிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. ஒரு பல் கிளினிக்கில் காட்டினோம். அங்கே ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கன்னத்தை ஒதுக்கி, விளக்கடித்து உள்ளே பார்க்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பல் பிடுங்கிய குழி மூடவே இல்லை. அதன் ஓரத்தில் சதை பூ மாதிரி வளர்ந்து வந்தது. சுற்றிலும் மற்ற பற்கள் கல்லு போல இருக்க, ஒரே ஒரு பல் மட்டும் காரணமில்லாமல் ஆடுகிறது என்றால், அடியில் எலும்பை ஏதாவது தின்கிறதா என்று பார்க்காமல் பிடுங்கக் கூடாது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். பொருத்தமாக இருந்த செயற்கைப் பல்செட் திடீரென்று உறுத்தினால், கீழுதடும் மோவாயும் மரத்துப்போனால், காதில் எந்தக் கோளாறும் இல்லாமல் ஒரு பக்கக் காது மட்டும் வலித்தால், கழுத்தில் நெறி கட்டி வலியில்லாமல் அப்படியே நின்றால், இவை எல்லாமே ஒரே கதவைத் தட்டுகிற கைகள்.

இரண்டாவதாகப் பார்த்த பல் மருத்துவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு நல்ல வாய்ப் பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அது நடக்காதபோது நாம் கேட்க முடியும். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டார். உதட்டை மடித்துப் பார்த்தார். இரண்டு கன்னத்தையும் கண்ணாடியால் ஒதுக்கி, பின்பக்கம் வரை பார்த்தார். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இடம் வலமாக இழுத்து ஓரங்களைப் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார். பிறகு ஒரு விரலை உள்ளேயும் இன்னொரு விரலை வெளியேயும் வைத்துக் கன்னத்தைத் தடவினார். கடைசியில் பின்னால் நின்று கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட இருக்காது. "புண்ணைப் பத்தி எனக்குப் பயமில்லை. அதைச் சுத்தி இருக்கிற தடிப்புதான் கவலை. சாதாரணப் புண் இப்படிக் கெட்டியா இருக்காது" என்றார். அன்றே சதைப் பரிசோதனைக்கு எழுதினார்.

சதைப் பரிசோதனை என்றதும் வீட்டில் பெரிய கலவரம். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கத்தி பட்டா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்களே தம்பி, மருந்திலேயே பார்க்கலாமே" என்றார். இந்தப் பயத்தால்தான் நிறைய பேர் மாதக்கணக்கில் நாட்களை இழக்கிறார்கள். மருத்துவரிடமே கேட்டோம். பொறுமையாகச் சொன்னார்: மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுக்கிறார்கள், அதனால் நோய் பரவுவதில்லை, அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்க்காமல் எந்தப் புற்றுநோய் மருத்துவரும் சிகிச்சை ஆரம்பிக்க மாட்டார். தாமதத்தில்தான் நோய் பரவுகிறது. அண்ணி இப்போது தெரிந்தவர்கள் யாராவது தயங்கினால் முதல் ஆளாக அழைத்துக்கொண்டு போகிறார்.

ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது வாயின் உள்தோல் செல்களில் தொடங்குகிற புற்று என்று வந்தது. வாயில் வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த வகைதான். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதோடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரிக்க 2018 முதல் நடைமுறைக்கு வந்த முறையில் 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று ஆழத்துக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். மேலே சின்னதாகத் தெரிகிற புண் உள்ளே ஆழமாக இருந்தால் அது சின்னப் புண் கிடையாது.

எங்களுக்குப் புரியாமல் இருந்தது கழுத்து விஷயம். ஸ்கேனில் கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கழுத்திலிருந்து நிணநீர்க் கணுக்களை எடுக்க வேண்டும் என்றார்கள். எதற்கு வீணாக ஒரு வெட்டு என்று தோன்றியது. அறுவை மருத்துவர் சொன்ன பதில் எனக்குத் திருப்தி தந்தது. இந்த நோய் முதலில் பரவுகிற இடம் கழுத்துதான், ஸ்கேனில் தெரியாத அளவுக்கு நுண்ணியதாகக்கூட இருக்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டது. ஆரம்பநிலை நோயாளிகளில் முதல் அறுவையிலேயே கழுத்துக் கணுக்களையும் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் 3 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். கழுத்தில் கட்டி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம். இதைக் கேட்டதும் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன், எதற்கு என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

அறுவையில் கன்னத்தின் உட்பகுதியையும் தாடை எலும்பில் ஒரு ஓரத்தையும் எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து தோலை ரத்தக்குழாயோடு எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். மூக்கு வழியாக இரைப்பைக்கு டியூப். வீட்டுக்கு வரும்போதும் அந்த டியூப் இருந்தது. கவனிக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். டியூபில் ஊற்றும்போது படுத்திருக்கக் கூடாது, தலையும் நெஞ்சும் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். மாத்திரையை டியூப் வழியாகக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பொடிக்க வேண்டும், சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மூக்கருகே டியூபில் எந்த அளவு வரை உள்ளே இருக்கிறது என்று ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். அது நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். பேச முடியாத நாட்களில் ஒரு சிலேட்டும் சாக்பீஸும் பக்கத்தில் வைத்திருந்தோம். அண்ணன் அதில் முதலில் எழுதியது, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

கரண்ட் வைப்பது என்று நாம் சொல்கிற கதிர்வீச்சு அதற்கு அடுத்தது. எல்லோருக்கும் தேவைப்படாது. கட்டி பெரியதாக இருந்தாலோ கணுக்களில் பரவியிருந்தாலோ கொடுப்பார்கள். வழக்கமான அளவு 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரம் 5 நாள் வீதம் 6 வாரம். அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதில் மருத்துவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள், நடுவில் ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது என்றும் சொன்னார்கள். வெட்டியெடுத்த ஓரத்திலேயே புற்றுச் செல் மிச்சமிருந்தால், அல்லது கணுவின் உறையைத் தாண்டி வெளியே வந்திருந்தால் கூடவே சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்தும் ஏற்றுவார்கள்.

கதிர்வீச்சுக்கு முன்னால் பல்லைக் கவனித்துவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் காப்பாற்ற முடியாத பற்களை முன்கூட்டியே எடுத்து, குறைந்தது 2 வாரம் ஆறவிட்டுத் தொடங்குகிறார்கள். எச்சில் வற்றிவிடுவதால் மிச்சமிருக்கிற பற்கள் வேகமாகச் சொத்தையாகும், தினமும் ஃபுளோரைடு வைக்க வேண்டும்.

முதல் நாள் முகத்துக்கு வலை போன்ற ஒரு கவசம் செய்தார்கள். சூடான தண்ணீரில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் அழுத்தி, அது ஆறி இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்தக் கவசத்தைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள். மூச்சு விடலாம், ஆனால் அசைய முடியாது. அண்ணனுக்கு அது ரொம்பத் திணறலாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணச் சொன்னார் ஒரு தொழில்நுட்பர், அது உதவியது. இரண்டாவது மூன்றாவது வாரத்திலிருந்து வாய் முழுக்க வெந்துபோனது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிப்பது, சாப்பாட்டுக்கு முன் வலி மருந்து, காரமும் புளிப்பும் இல்லாத கூழான சாப்பாடு, சிறு பிள்ளைகளுக்கான மென்மையான பிரஷ், இவற்றால்தான் அந்த நாட்கள் கடந்தன. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைத் தொடவே கூடாது. ருசி போய்விடும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இனி வாழ்க்கை முழுக்க இப்படித்தான் என்று மனசு உடைந்துவிடும்.

வாய்த் திறப்புப் பயிற்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவைத் தழும்பும் கதிர்வீச்சும் தாடைத் தசைகளை இறுக்கிவிடும். மருத்துவர் நாக்கை அழுத்தப் பயன்படுத்துகிற மரக்குச்சிகளை அடுக்கிக் கட்டாகக் கொடுத்தார்கள். எத்தனை குச்சி நுழைகிறதோ அத்தனையைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சிறிது நேரம் பிடித்திருக்க வேண்டும். பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை. வலிக்கும், ரத்தம் வருகிற அளவுக்கு அழுத்தக் கூடாது. அண்ணன் சலித்துப்போய்க் குச்சியை வீசிய நாள் உண்டு. அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கட்டு குச்சியை வாயில் வைத்துக்கொள்வாள், "அப்பா, நீங்களும் வைங்க" என்று சைகை காட்டுவாள். கதிர்வீச்சு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் விடாமல் செய்ததால்தான் இன்று கரண்டி நுழைகிறது. இதை விட்டுவிட்ட சிலர் திரவ உணவிலேயே நின்றுவிட்டதைப் புறநோயாளிப் பிரிவில் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் எழுதுவது யாரையும் பயமுறுத்த இல்லை. உலகம் முழுக்க 2022-இல் மட்டும் உதடு, வாய்ப் புற்றுநோய் சுமார் 3.9 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, 1.9 லட்சம் பேர் அளவில் இறந்தார்கள். இத்தனைக்கும் ஒரு கண்ணாடியும் விளக்கும் இருந்தால் வெறும் கண்ணால் பார்த்துவிடக்கூடிய இடம் இது. கேரளத்தில் 1996-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது மாதம் ஒரு முறை எல்லோரும் வாயைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த மருத்துவர் செய்த அதே வரிசை: உதடு, கன்னம், ஈறு, நாக்கின் மேல், இரண்டு ஓரம், அடி, அண்ணம், கடைசியில் கழுத்து. வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் காட்ட வேண்டும். வெல்வெட் போலச் சிவந்த திட்டு இருந்தால் உடனே காட்ட வேண்டும், வெள்ளையைவிடச் சிவப்பில் ஆபத்து மிக அதிகம். எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும், முக்கியமாக நாக்கின் ஓரத்தில், இந்த நோய் வருவதுண்டு. "எனக்குத்தான் பழக்கமில்லையே" என்று விடக் கூடாது. வெயிலில் வேலை செய்கிறவர்கள் கீழுதட்டையும் பார்க்க வேண்டும். எச்பிவி வைரஸ் பெரும்பாலும் தொண்டையிலும் அடிநாக்கிலும் வரும் புற்றுக்குக் காரணம், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

புகைப்பதும் குடிப்பதும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். விட்டால் இறங்கவும் செய்யும். புகைப்பதை விட்ட 5 முதல் 10 ஆண்டுகளில் வாய்ப் புற்றுநோய் வருகிற கூடுதல் ஆபத்து பாதியாகிறது. மனவுறுதி மட்டும் போதும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை, மருத்துவர் ஆலோசனையோடு தோலில் ஒட்டுகிற நிகோட்டின் பட்டையும் மெல்லுகிற நிகோட்டின் கம்மும் இருக்கின்றன. கம்மைச் சும்மா மென்று துப்பக் கூடாது. மெதுவாக மென்று, வாயில் லேசாகச் சுருக்கென்று தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, அது குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். நோய் வந்த பிறகு விட்டு என்ன பயன் என்று அண்ணனும் கேட்டார். பயன் உண்டு. பழக்கத்தைத் தொடர்ந்தால் சிகிச்சை சரியாக வேலை செய்யாது, அதே வாயில் இன்னொரு இடத்தில் புதிதாக இன்னொரு புற்று வரவும் வாய்ப்பு இருக்கிறது.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு: நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுக்குள் திரும்பும், அதனால் முக்கியமாக அந்த 2 வருஷமும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் போய்க் காட்டுங்கள், உடம்பு நன்றாக இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும், அந்த ரிப்போர்ட்டின் நகல் கையில் இருக்கட்டும். கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குத் தைராய்டு மெல்லச் சுணங்கலாம், அசதியும் எடை ஏறுவதும் அதனால்கூட இருக்கலாம். 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை அந்த ரத்தப் பரிசோதனையை நீங்களே ஞாபகப்படுத்திக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.